ஒரே சஹன், இரண்டு பல்செட்

இராஜாங்கத்துக்கு வாய் எரிந்தது. ரசம் எரிந்தது, சாம்பார் எரிந்தது. ஒரு நாள் வெறும் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "இதுல மிளகாய் போட்டியா?" என்று கேட்டார்.

"ஆமா, உளுந்து தீந்துபோச்சு. மிளகாய ஆட்டி ஊத்தினேன்" என்றாள் அவர் மனைவி அம்சம். "வாயத் தொறங்க, பாப்போம். பல்லக் கழட்டுங்க."

"சத்தம் போடாதடி."

"இங்க யாரு இருக்கா? கோழிதான் நிக்கிது. அது யாருகிட்டயும் சொல்லாது. அதுக்கே பல்லு கெடையாது."

இராஜாங்கம் கொல்லைப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மேல்செட்டைக் கழற்றினார். அம்சம் டார்ச் அடித்தாள். பல்செட்டின் தகடு அண்ணத்தில் எவ்வளவு இடத்தை மூடுமோ அவ்வளவு இடமும் வரப்புக் கட்டினாற்போலச் சிவந்து கிடந்தது. அதன்மேல் அங்கங்கே தயிர் தெறித்தாற்போல வெள்ளை.

"இது சூடு இல்ல" என்றாள் அம்சம். "என்னமோ மொளச்சிருக்கு."

பூதலூரில் இராஜாங்கத்துக்குப் பல்செட் இருப்பது அம்சத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்தால்கூட அவர் சகித்துக்கொள்வார். அதிராம்பட்டினத்தில் இருக்கும் அப்துல் அஜீஸுக்குத் தெரியக்கூடாது. அதுதான் அவருக்கு உயிர்ப்பிரச்சினை.

இருவரும் வாலிபத்தில் சவூதியில், தம்மாமில், ஒரே அறையில் கிடந்தவர்கள். இராஜாங்கம் எலக்ட்ரீஷியன், அஜீஸ் ஸ்டோர் கீப்பர். வெள்ளிக்கிழமை மத்தியானம் அறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு சஹனைச் சுற்றி உட்காருவார்கள். சஹன் என்றால் நாலைந்து பேர் ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடும் பெரிய தாம்பாளம். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அஜீஸ் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் இராஜாங்கம் போய்விடுவார். வீட்டுக்காரர் கடைசிப் பந்தியில்தானே உட்கார முடியும்? இவரும் பசியோடு கடைசிப் பந்திவரை காத்திருந்து அஜீஸோடு ஒரே சஹனில்தான் உட்காருவார்.

இதில் அஜீஸுக்குப் பல் முதலில் போய்விட்டது. அவர் பல்செட் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இராஜாங்கத்துக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. "பாய், பல்ல கையோட எடுத்தாந்தியா, இல்ல பின்னாடி பஸ்ல வருதா?" என்பார். போனில், "இப்ப பேசுறது நீயா, ஒன் பல்லா?" என்பார். பொங்கலுக்கு அஜீஸ் வந்தால் அவர் எதிரிலேயே கரும்பை நாராய் உரித்துக் கடிப்பார். சோடா மூடியைப் பல்லாலேயே திறந்து, "இது பல்லு இல்ல பாய், கருங்கல்லு. கோயில் கட்டினதுல மிச்சம் விழுந்தது" என்று தட்டிக் காட்டுவார்.

"ஆடுடா ஆடு" என்பார் அஜீஸ், பல்செட் நழுவாமல் சிரித்துக்கொண்டே. "அல்லா பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்."

அல்லா பார்த்தான். ஈறு வீங்கி, ஒன்றன்பின் ஒன்றாய்க் கருங்கல் அத்தனையும் ஆடிப் பெயர்ந்தது. இராஜாங்கம் தஞ்சாவூரில் ஓசைப்படாமல் செட் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் அதைக் கழற்றவே இல்லை. அஜீஸுக்கு ஒரு பழக்கம்: பஜ்ர் தொழுகை முடிந்ததும், கோழி கூவுகிற நேரத்தில், வீடியோ கால் போடுவார். அந்த நேரத்தில் பல்லைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் தூங்கும்போதும் செட் வாயிலேயே கிடந்தது. குளிக்கும்போதும் கிடந்தது. இப்போது அதன் அடியில் என்னமோ முளைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் அஜீஸின் ஒரே மகள் ஹமீதா பானுவுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. இராஜாங்கம் போகாமல் இருக்க முடியாது. போய்விட்டுச் சஹனில் கை வைக்காமல் எழுந்திருக்கவும் முடியாது. இட்லிக்கே கண்ணீர் விடுகிறவர் கல்யாணப் பிரியாணிக்கு ஊற்றுகிற காரத் தாளிச்சாவை என்ன செய்வார்?

தஞ்சாவூரில் பல் டாக்டர் மேகலா அவர் வாயைப் பார்த்ததும், "ராத்திரி செட்டைக் கழட்டுறதே இல்லீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"சில நாள் மறந்துடுவேன்."

"கட்டினதுலேர்ந்து மறந்துட்டாரு" என்றாள் அம்சம்.

ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். இல்லை. வாயில் இருந்தது பூஞ்சை. எல்லார் வாயிலும் கொஞ்சம் இருப்பதுதான், செட்டின் அடியில் காற்றுப்படாமல் கிடந்ததில் பெருகிவிட்டது என்று மேகலா சொன்னாள். சப்பிக் கரைக்க மாத்திரை எழுதிக் கொடுத்தாள். "கூடவே ஓசோன் சிகிச்சையும் குடுத்துப் பாப்போம்" என்றாள்.

அம்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வானத்துல ஓட்ட விழுந்துருச்சுன்னு டிவியில சொன்னாங்களே, அந்த ஓசோனா? அத அடைக்காம இவரு வாய்க்கா எடுத்தாந்துட்டீங்க?"

"அங்கேர்ந்து எடுக்கலம்மா. இந்த மிஷினே உண்டாக்கும். பூஞ்சையக் கொல்லும். ஆனா மூச்சுல போகக்கூடாது, அதனால இன்னொரு குழாய் பக்கத்துலயே வச்சு உறிஞ்சிடுவோம்."

மேகலா ஒரு கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்தாள். பொத்தானை அழுத்தியதும் அது கத்திரிப்பூ நிறத்தில் எரிந்து சீறியது. இராஜாங்கம் நாற்காலியோடு பின்னால் போனார்.

"எர்த் ஒழுங்கா குடுத்திருக்காங்களா?"

"குடுத்திருக்கு ஐயா. வாயத் தொறங்க."

"எதுக்கும் அந்தப் பிளக்க ஒரு தடவ நான் பாத்துடறேனே."

பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். குழாய் அண்ணத்தின் அருகே மெல்ல நகர்ந்தது. வாய்க்குள் ஊதாவாக வெளிச்சம் தெரிவதைப் பார்த்து அம்சம், "மாரியம்மன் கோயில் சீரியல் செட்டு மாதிரி இருக்கு" என்றாள். வாசனை மட்டும் இராஜாங்கத்துக்குத் தெரிந்த வாசனை. மோட்டார் கொட்டகையில் பழைய ஸ்டார்ட்டர் பொறி தட்டும்போது வருமே, அது. அவருக்கு அப்போதுதான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"ஓசோன் ஒரு துணைதான்" என்றாள் மேகலா. "அதப் பத்தி இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. மாத்திரைய விடாதீங்க. முக்கியமா ராத்திரி செட்டக் கழட்டித் தேச்சுக் கழுவி, தண்ணியில போட்டு வைங்க."

"தண்ணியிலயா?" என்றாள் அம்சம்.

"தண்ணியிலதாம்மா."

அம்சம் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் மாமியார் சொல்வதற்கெல்லாம் ஆட்டிப் பழகியது. அதற்குப் பிறகு அவள் இஷ்டப்படிதான் நடக்கும்.

வாய் உடனே ஆறத் தொடங்கியது. பிறகு மறுபடி சிவந்தது. மறுபடி போய் ஓசோன் வைத்துக்கொண்டார், ஆறியது, மறுபடி சிவந்தது. மேகலாவுக்கே குழப்பமாகிவிட்டது. "வழக்கமா இப்படித் திரும்பி வராதே" என்றாள். "ராத்திரி கழட்டுறீங்கதானே?" கழற்றினார். அது சத்தியம். விடியற்காலையில் அஜீஸ் வீடியோ கால் போடும்போது இராஜாங்கம் போனை மல்லாத்திப் பிடித்துக்கொண்டு உம் உம் என்று மட்டும் சொன்னார். "என்னடா, தெனம் ஒங்க வீட்டு ஃபேனத்தான் பாக்குறேன்" என்றார் அஜீஸ். "அதையாவது நல்லாப் பாத்துக்க. ஒரு இறக்க வளைஞ்சிருக்கு."

நிக்காஹுக்கு அழைக்க அஜீஸ் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கோடைக்காலக் காலை. ஆற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. இராஜாங்கம் அப்போதுதான் எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பல் அடுப்படியில் இருந்தது.

"தங்கச்சி!" என்று வாசலில் குரல்.

அடுப்படிக்குப் போக வேண்டுமானால் வாசலுக்கு நேராகக் கூடத்தைக் கடக்க வேண்டும். அதற்குள் அஜீஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். இராஜாங்கம் தோள் துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"இது என்னடா வேஷம்?"

கொல்லையிலிருந்து ஓடிவந்த அம்சம் ஒரு பார்வையில் நிலைமையைப் புரிந்துகொண்டாள். "வாங்கண்ணே. அவரு மௌன விரதம்."

"யாரு, இவனா? தம்மாமுல இவன் பேசினா ரியாத்துல கேக்கும்."

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம இருக்காருண்ணே."

"இன்னக்கிப் புதனாச்சே."

"நேத்து மறந்துட்டாரு. அதான் இன்னக்கி இருக்காரு."

"சரி, துண்டு எதுக்கு?"

"மீறிப் பேசிடுவாருன்னு."

அஜீஸ் ஒத்துக்கொண்டவர்போல நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு சொம்பு நீராகாரம் குடு தங்கச்சி. வெயிலு மண்டையப் பொளக்குது. ஒன் கை நீராகாரத்த நெனச்சுக்கிட்டேதான் வந்தேன்."

அம்சம் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அடுப்படி மேடையில் இரண்டு சொம்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்பது இராஜாங்கத்துக்குத் தெரியும். அவர் அம்சத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டினார், வாயைக் காட்டினார், கையைக் காட்டினார், இல்லை இல்லை என்று ஆட்டினார்.

"ஒங்களுக்குக் கெடையாது. நீங்க விரதம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் ஒரு சொம்பைக் கொண்டுவந்து அஜீஸ் கையில் கொடுத்தாள்.

அஜீஸ் அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக் குடித்தார். கடகடவென்று இறங்கியது. பாதியில் சொம்புக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அஜீஸ் நிறுத்தினார். சொம்பைக் கீழே இறக்கி உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இராஜாங்கத்தின் துண்டைப் பார்த்தார். பிறகு சொம்பை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னக்கி நீராகாரத்துல ஒரு தனி ருசி தங்கச்சி."

அவ்வளவுதான் சொன்னார். பத்திரிகையை வைத்து அழைத்தார். கிளம்பும்போது மட்டும் இராஜாங்கத்தின் தோளில் கைபோட்டு, "கடைசிப் பந்தி. நீயும் நானும் ஒரே சஹன். ஒனக்குன்னு நல்லி எலும்பு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். கருங்கல்லு பல்லாச்சே" என்றார்.

கார் சத்தம் தேய்ந்ததும் இராஜாங்கம் துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டுச் சொம்பைப் பார்த்தார். பாதி நீராகாரத்தில் மேல்வரிசை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தது.

"பாத்திருப்பானாடி?"

"பாத்திருந்தா சும்மா போவாரா? ஊரக் கூட்டியிருக்க மாட்டாரு?"

அது நியாயமாகப்பட்டது. நியாயமாகப் பட்ட அடுத்த நிமிஷம் அவருக்கு வேறொரு பயம் வந்தது. அஜீஸுக்குச் சர்க்கரை உண்டு. என் வாயில் இருக்கிற சனியன் அவன் வாய்க்குப் போய்விட்டால்? மகள் நிக்காஹில் அவன் இட்லிக்கு அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால்? பல் தெரிந்துபோகும் அவமானம்கூட அப்போது சின்னதாகத் தெரிந்தது. அன்றைக்கே பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போனார். அம்சமும் கூடவே போனாள்.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம்" என்றார். "பல்லு ஊறின நீராகாரத்த ஒருத்தர் குடிச்சுட்டா, அவருக்கும் பூஞ்ச வருமா?"

மேகலா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். "பல்லு ஊறின எது?"

"நீராகாரம்."

"செட்ட நீராகாரத்துலயா போட்டு வைக்கிறீங்க?"

"நாந்தான் போட்டு வச்சேன்" என்றாள் அம்சம் பெருமையாக. "நீங்க தண்ணின்னு சொன்னீங்க. வாய் எரியுதுன்னு வந்த மனுசன் பல்லுக்கு வெறுந்தண்ணியா? நேத்துச் சோத்துத் தண்ணி, குளிர்ச்சி. ஒரு கை மோர், ரெண்டு சின்ன வெங்காயம். உப்பு மட்டும் கம்மியாத்தான் போடுவேன்."

"எதுக்கும்மா வெங்காயம்?"

"வெங்காயம் இல்லாம என்ன நீராகாரம்?"

மேகலா நாற்காலியில் சாய்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இராஜாங்கத்துக்குப் புரியவில்லை. "நான் இங்க மிஷின வச்சுப் பூஞ்சைய விரட்டுறேன். நீங்க அங்க ராத்திரியெல்லாம் அதுக்குப் பந்தி போட்டிருக்கீங்க. புளிச்ச சோத்துத் தண்ணி, மோரு. அது ஏம்மா வீட்ட விட்டுப் போகும்?"

"பெரிய பெரிய டாக்டருங்களே நீராகாரம் நல்லதுன்னு சொல்றாங்க."

"குடிக்கச் சொன்னாங்கம்மா. பல்லக் குளிப்பாட்டச் சொல்லல."

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, அஜீஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றாள். ஒருதடவை குடித்ததற்கெல்லாம் வந்துவிடாது. சர்க்கரை இருப்பவர் என்பதால் வாய் எரிந்தால் காட்டச் சொல்லுங்கள், போதும். பிறகு செட்டை வாங்கி நன்றாகத் தேய்த்து, ஓசோன் கலந்த தண்ணீரில் போட்டாள். குமிழி பொங்கப் பொங்கப் பல்செட் உள்ளே ஆடியது.

"நம்மள விட அதுக்குத்தான் ராஜ உபசாரம்" என்றாள் அம்சம்.

அன்றிலிருந்து செட் வெறும் தண்ணீரில் கிடந்தது. அம்சம் அதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். "வீட்டுக்கு வந்தவங்களுக்கே நான் வெறுந்தண்ணி குடுத்தது கெடையாது" என்று முணுமுணுத்தாள். ஆனால் இந்த முறை சிவப்பு திரும்பி வரவில்லை. இராஜாங்கம் முதலில் இட்லி சாப்பிட்டார். பிறகு ரசம். நிக்காஹுக்கு முன்தினம் எலுமிச்சை ஊறுகாயை விரலால் தொட்டு அண்ணத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லடி! ஒண்ணுமே இல்ல!" என்று தெருவரை கேட்கக் கத்தினார்.

அதிராம்பட்டினத்தில் பந்தல் கொள்ளாத கூட்டம். அம்சம் அஜீஸின் மனைவி ஹலீமாவோடு உள்ளே போய்விட்டாள். இராஜாங்கம் பந்தி பந்தியாகக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. யாராவது தன் வாயைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். யாரும் பார்க்கவில்லை. கடைசிப் பந்திக்குப் பாய் விரித்தார்கள். வியர்த்துக் களைத்து அஜீஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவர் தம்பி முபாரக். பிரியாணிச் சஹன் ஆவி பறக்க வந்து நடுவில் இறங்கியது. தாளிச்சா வந்தது. தண்ணீர் வைக்கும் இடத்தில் ஒரு சொம்பு வந்தது.

முபாரக் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "குடிங்கண்ணே" என்றார்.

இராஜாங்கம் சொம்பைக் குனிந்து பார்த்தார். நீராகாரம். மேலே உரித்த சின்ன வெங்காயம் இரண்டு மிதந்தன.

"பாய்" என்றார் மெதுவாக. "பாத்துட்டியா?"

"பாத்தேன். அதுவும் என்னப் பாத்துச்சு. சலாம் சொல்லலாமான்னு யோசிச்சேன்."

"ஏன்டா அன்னக்கே சொல்லல?"

"மௌன விரதத்துல இருக்குறவன்கிட்ட என்னத்தடா பேசுறது?"

முபாரக்குக்குப் புரையேறியது. இராஜாங்கம் அவரைக் கவனிக்கவில்லை. "ஒனக்கு வாய் எரியுதா? உண்மையச் சொல்லு. அதுல பூஞ்ச இருந்துச்சு பாய். டாக்டர்ட்ட கேட்டேன், ஒண்ணும் ஆகாதுன்னாங்க. இருந்தாலும்..."

அஜீஸ் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "இதுக்குத்தான் ஹலீமாவுக்குப் போன் போட்டு, 'பாய் காரம் சாப்புடுறாரா, பாய் காரம் சாப்புடுறாரா'ன்னு தெனம் கேட்டியா? அவ, ஒனக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு நெனச்சுட்டா." பிறகு சஹனில் கைவிட்டு ஒரு நல்லி எலும்பை எடுத்து இராஜாங்கத்தின் பக்கம் வைத்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல. நீ கடி. கருங்கல்லு."

இராஜாங்கம் எடுத்துக் கடித்தார். கறி வரவில்லை, பல் வந்தது. எலும்பை வாயிலிருந்து இறக்கியபோது மேல்வரிசை முழுதும் எலும்பைக் கவ்விக்கொண்டு கூடவே இறங்கியது. பக்கத்துச் சஹன்களில் பேச்சு நின்றுவிட்டது.

அஜீஸ் நிதானமாகத் தன் பல்செட்டைக் கழற்றினார். கைக்குட்டையை விரித்தார். "அதையும் இதுல போடு."

"வேணாம் பாய்" என்றார் இராஜாங்கம், காற்றுப் போகிற குரலில். "ரெண்டையும் ஒண்ணா வச்சா டாக்டரம்மா திட்டும். தனித்தனிப் பை."

அவரவர் பல் அவரவர் சட்டைப்பைக்குப் போனது. அஜீஸ் கறியைப் பஞ்சுபோலப் பிய்த்துப் பிய்த்துப் பாதியை இராஜாங்கத்தின் பக்கம் தள்ளினார். ஈறால் நசுக்கி, மெல்லாமல் விழுங்கி, இருவரும் சஹனைக் காலி செய்தார்கள். எழுந்திருக்கும்போது அஜீஸ், "தங்கச்சிகிட்ட சொல்லு, அன்னக்கி உப்பு பத்தல" என்றார்.

அதற்கப்புறம் விடியற்காலை வீடியோ கால்களில் இரண்டு பக்கமும் பல் கிடையாது. ஃபேனுக்கு ஓய்வு கிடைத்தது. இந்தக் கதையை அஜீஸ்தான் எல்லாரிடமும் சொல்வார், சொல்லும்போது வெங்காயத்தின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். மறு வருஷம் அடைமழை நேரத்தில் ஒரு நாள் விடிந்தது, போன் அடிக்கவில்லை.

அஜீஸுக்காக ஓதும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு இராஜாங்கம் போனார். கடைசிப் பந்திவரை உட்கார்ந்திருந்தார். முபாரக் அண்ணன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். சஹன் இறங்கியதும் இராஜாங்கம் செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கறியைப் பிய்க்கத் தொடங்கினார். முபாரக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு எல்லாப் பல்லும் கெட்டி. என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் ஒரு துண்டைப் பிய்த்து, மெல்லாமல் விழுங்கப் பார்த்தார். புரையேறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இராஜாங்கம் அவர் தலையில் தட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்துக் கொடுத்தார். கொடுக்குமுன் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். வெறும் தண்ணீர்தான்.